ட்ரெயிலர் வாலாட்டினால்: உராய்வுத் தண்டைப் பொருத்துவது முதல் மழைக்குத் தளர்த்துவது வரை

ட்ரெயிலரின் வாலாட்டத்தை அடக்க, வாகனத்துக்கும் ட்ரெயிலருக்கும் நடுவே பூட்டும் உராய்வுத் தண்டில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு போல்ட் இருக்கிறது. கைப்பிடி சுவிட்ச் மாதிரி: போடலாம், எடுக்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு இறுக்கம் என்பதைத் தீர்மானிப்பது போல்ட். இந்த வித்தியாசம் தெரியாமல், ட்ரெயிலர் ஆடும்போதெல்லாம் கைப்பிடியில் குழாய் மாட்டி முறுக்குகிறவர்கள் உண்டு. மரை போகும், கைப்பிடி வளையும், ஆட்டம் மட்டும் நிற்காது.

ஏனென்றால் ஆட்டத்தின் வேர் பெரும்பாலும் தண்டில் இருப்பதில்லை. சாமான் ஏற்றிய விதத்தில் இருக்கும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நனைந்த வீதியில் உராய்வுத் தண்டைத் தளர்த்திவிட்டுத்தான் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன. மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே பெய்யும் மழையை நினைத்துப் பாருங்கள். தண்டு இருந்தால்தான் நேராக வரும் என்ற நிலையில் உள்ள ட்ரெயிலர், முதல் மழையிலேயே உங்களைக் கைவிட்டுவிடும். ஆகவே இந்த வழிகாட்டி பின்பற்றும் ஒழுங்கு இதுதான்: தண்டில்லாமலே ட்ரெயிலரை ஒழுங்காக ஓட வைப்பது முதல் வேலை. தண்டு அதற்கு மேலே போடும் காப்பு.

தண்டு என்ன செய்கிறது

வாகனத்தின் பின்னால் உள்ள இழுவைச் சட்டம்தான் டோ பார். ட்ரெயிலர் அதிலுள்ள பந்தைச் சுழலிடமாகக் கொண்டு இடமும் வலமும் ஆடுகிறது. உராய்வுத் தண்டு அந்தப் பந்துக்குப் பக்கவாட்டில், வாகனத்தையும் ட்ரெயிலரின் முன்சட்டத்தையும் இணைக்கிறது. உள்ளே ஒரு தட்டையான இரும்புப் பட்டை, பிரேக் பேட் போன்ற இரண்டு உராய்வுத் துண்டுகளுக்கு நடுவில் முன்னும் பின்னும் நழுவும். ட்ரெயிலர் ஒரு பக்கம் திரும்பினால் பட்டை வெளியே வரும், மறுபக்கம் திரும்பினால் உள்ளே போகும். இரண்டு திசையிலும் உராய்வு அதைப் பிடித்து இழுக்கும். இறுகிய கதவுக் கீல் எப்படிக் காற்றுக்குப் படபடவென்று அடிக்காதோ, அதே சங்கதி.

இரண்டு விஷயங்களை அது செய்யாது. ட்ரெயிலரின் மூக்குப் பாரத்தை, அதாவது அதன் முன்முனை பந்தின் மேல் அழுத்தும் எடையை, வாகனத்தின் முன்சில்லுக்குப் பகிராது. அதற்கு எடை பகிரும் ஹிட்ச் என்று வேறு அமைப்பு இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்காமல் தடுக்கவும் அதனால் முடியாது. தொடங்கிய ஆட்டம் வளராமல் அதன் சக்தியை வெப்பமாக்கிக் கரைக்க மட்டுமே முடியும். வேகம் கூடக் கூட ட்ரெயிலர் தானாக அடங்கும் தன்மை குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். தண்டு அந்தக் கட்டத்தைச் சற்று மேலே தள்ளி வைக்கிறது, இல்லாமலாக்குவதில்லை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய இரண்டு பொருத்தம்

முதலாவது, ட்ரெயிலரின் பிரேக். ஐரோப்பியக் கரவன்களிலும் பல படகு ட்ரெயிலர்களிலும் உள்ளது தள்ளு பிரேக்: வாகனம் வேகம் குறைக்கும்போது ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளும், பந்தைக் கவ்வும் முன்முனைப் பூட்டான கப்ளர் உள்ளே நழுவி பிரேக்கை இழுக்கும். உராய்வுத் தண்டு பிடித்துத் தடுப்பது இதே முன்பின் நகர்வைத்தான். அப்படிப்பட்ட ட்ரெயிலரில் இந்தத் தண்டைப் பூட்டினால் பிரேக் பிந்தும் அல்லது பிடிக்கவே பிடிக்காது. அவற்றுக்கு டோ பார் பந்தையே இரண்டு பக்கமும் உராய்வுத் துண்டுகளால் கவ்வும் கப்ளர்கள் இருக்கின்றன. அல்கோ நிறுவனத்தின் ஏகேஎஸ் வகை பலருக்கும் தெரிந்தது. அந்த வகைக்கு 50 மில்லிமீற்றர் பந்து வேண்டும், அதில் கிறீஸோ பெயின்டோ இருக்கக் கூடாது. அமெரிக்க 2 இஞ்சிப் பந்து 50.8 மில்லிமீற்றர். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மாற்றிப் போட வேண்டாம்.

மின் பிரேக் உள்ள ட்ரெயிலர், அல்லது பிரேக்கே இல்லாத சிறிய ட்ரெயிலர் என்றால் தண்டு பொருந்தும்.

இரண்டாவது, வாகனத்தின் டோ பார். இங்குள்ள பல பிக்கப்களிலும் ஜீப்களிலும் பந்து நேரடியாக ஒரு தட்டில் பூட்டப்பட்டிருக்கும். உராய்வுத் தண்டின் முனையை மாட்டும் சின்னப் பந்துக்கு இடமே இருக்காது. 2 இஞ்சிச் சதுரக் குழாய் உள்ள டோ பாரும், சின்னப் பந்தைப் பூட்டப் பக்கவாட்டில் காது வைத்த பந்துத் தாங்கியும் தேவை. காது இல்லாத தாங்கியென்றால், பெரிய பந்துக்குக் கீழே செருகிப் பூட்டும் தனித் தட்டு கிடைக்கும். அந்தத் தட்டின் தடிப்பு பந்தின் மரையைத் தின்னும். நட்டை இறுக்கிய பின் மரை நட்டுக்கு வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மரைக்காம்பு நீளமான பந்து வாங்குங்கள். 1 இஞ்சித் தடிப்பு மரைக்காம்புள்ள பந்தின் நட்டுக்கு ஏறக்குறைய 250 அடி-இறாத்தல், அதாவது 340 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும். கையில் பிடித்து உதைத்து இறுக்குவதெல்லாம் இதில் கணக்கில்லை; இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் உள்ள கராஜில் கொடுத்து இறுக்குங்கள்.

தண்டுக்கு முன் செய்ய வேண்டியவை

டயரில் தொடங்குங்கள். ட்ரெயிலர் டயருக்குக் காற்று, டயர் குளிர்ந்திருக்கும்போது, பக்கச்சுவரில் உள்ள அளவையும் ட்ரெயிலரின் தகட்டில் உள்ள அளவையும் பார்த்து அடிக்க வேண்டும். வாகனத்தின் பின்டயருக்கு, முழுப் பாரத்துக்கென்று கதவோரத் தகட்டில் போட்டிருக்கும் அளவு. பின்டயரில் காற்றுக் குறைந்தால் அதன் பக்கச்சுவர் நெளியும். அந்த நெளிவே ஆட்டத்துக்குத் தொட்டில்.

அடுத்து மட்டம். ட்ரெயிலரைப் பூட்டி, சமதரையில் நிறுத்தி, சட்டத்தின் முன்முனையும் பின்முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். மட்டமாகவோ, மூக்கு ஓர் இஞ்சி தாழ்ந்தோ இருக்கலாம். மூக்குத் தூக்கியிருந்தால் பந்துத் தாங்கியை மாற்ற வேண்டும்.

இனி மூக்குப் பாரம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மின் பிரேக் உள்ள அமெரிக்க வகைப் பயண ட்ரெயிலருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கப்ளரில் இறங்க வேண்டும். 1200 கிலோ ட்ரெயிலர் என்றால் 120 முதல் 180 கிலோ. அதேவேளை டோ பாரின் தகட்டிலும் வாகனக் கையேட்டிலும் உள்ள உச்ச அளவையும் தாண்டக் கூடாது. இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த வாகனத்துக்கு அந்த ட்ரெயிலர் பெரிது என்று அர்த்தம். எந்தத் தண்டும் அதைச் சரிக்கட்டாது.

மொத்த எடைக்கு லொறி நிறுக்கும் மேடைத் தராசு வேண்டும். மூக்குப் பாரத்தை வீட்டிலேயே, உடம்பு நிறுக்கும் தராசால் அளக்கலாம். சாதாரணத் தராசு 120 அல்லது 150 கிலோவுடன் நின்றுவிடும் என்பதால் ஒரு பலகை உத்தி:

1. சமதரையில், தராசின் அதே உயரத்துக்கு ஒரு செங்கல்லை வைத்து, செங்கல்லுக்கும் தராசுக்கும் குறுக்கே தடித்த மரச்சட்டம் ஒன்றைப் போடுங்கள். இரண்டு தாங்குமிடங்களுக்கும் இடையே சரியாக 3 அடி.
2. சட்டத்தின் எடையில் தன் மேல் இறங்கும் பங்கைத் தராசு காட்டும். அதைக் குறித்து வையுங்கள்.
3. ட்ரெயிலர் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். செங்கல்லிலிருந்து 1 அடி தள்ளி, தராசிலிருந்து 2 அடி தள்ளி, ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி அதன் மேல் கப்ளரை இறக்குங்கள். முன் ஜாக்கி தரையைத் தொடக் கூடாது.
4. தராசு காட்டுவதிலிருந்து குறித்து வைத்த எண்ணைக் கழித்து, 3 ஆல் பெருக்குங்கள். கழித்து வருவது 45 என்றால் மூக்குப் பாரம் 135 கிலோ.

குறைவாக வந்தால் சாமானை நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு மாறும் என்பதற்கும் கணக்கு உண்டு. அச்சிலிருந்து கப்ளர் வரை 4 மீற்றர் என்று வையுங்கள். பின்பக்கம், அச்சுக்கு 2 மீற்றர் பின்னால், 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி நிறைய இருக்கிறது. அதை அச்சுக்கு 1 மீற்றர் முன்னால் கொண்டுவந்தால் 60 கிலோ 3 மீற்றர் நகர்கிறது. 180 ஐ 4 ஆல் வகுத்தால் 45. மூக்கில் 45 கிலோ கூடும். தாங்கியை நகர்த்த முடியாதென்றால், வெறுமையாக்கிக்கொண்டு போய், போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். உணவு விற்கும் ட்ரெயிலர்களில் இது இன்னும் மோசம். குளிர்பெட்டி, ஐஸ், காஸ் சிலிண்டர் எல்லாம் விற்கும் ஜன்னலுக்கு வசதியாகப் பின்மூலையில் குவிந்திருக்கும். ஓடும்போது அவை அச்சுக்கு மேலும் சற்று முன்னும் இருக்க வேண்டும். பாரமானதை எல்லாம் மூக்கிலும் வாலிலும் பிரித்து வைத்துச் சமப்படுத்துவதும் பிழைதான். தராசு சரியான எண்ணைக் காட்டும், ஆனால் இரண்டு முனையிலும் பாரம் கட்டிய தடியைப் போல, ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

தண்டில்லாத ஓட்டம்

ஞாயிறு அதிகாலை, காய்ந்த வீதி, காற்றில்லாத நேரம். தண்டைக் கழற்றி வைத்துவிட்டு மணிக்கு 40, 50, 60 கிலோமீற்றர் என்று படிப்படியாகப் போங்கள். நீர்கொழும்பைத் தாண்டி சிலாபம் பக்கம் போகும் ஏ3 வீதியில் நேரான துண்டுகள் உண்டு. வேண்டுமென்றே ஸ்டீயரிங்கை வெட்டிப் பார்க்கிற விஷப் பரீட்சை வேண்டாம். எதிரே லொறி வரும்போதும் தூர பஸ் முந்தும்போதும் என்ன நடக்கிறது என்று கவனித்தாலே போதும். பஸ் வலப்பக்கத்தால் முந்தும்போது அதன் முன்காற்று ட்ரெயிலரின் வாலை முதலில் இடப்பக்கம் தள்ளும். பஸ் கடந்துபோகும்போது தன் பக்கம் இழுக்கும். ஒருமுறை தள்ளி, ஒருமுறை இழுத்து, தானாக அடங்கினால் நல்லது. மூன்றாவது நான்காவது ஆட்டமும் வந்தால் வீட்டுக்குத் திரும்பி மறுபடி நிறுங்கள். 60 இல் தண்டில்லாமல் நேராக வராத ட்ரெயிலருக்குத் தண்டு பூட்டுவது, காய்ச்சலுக்குத் தேர்மோமீற்றரை உடைப்பது போல.

பொருத்துதல்

தண்டு எந்தப் பக்கம்? அமெரிக்கச் சந்தைக்கென வரும் தண்டுகள் வழக்கமாக வலப்பக்கத்துக்கு. அங்கே வலம் நடைபாதைப் பக்கம். இங்கே வலம் வாகனங்கள் பறக்கும் பக்கம். வேலை செய்வதில் வித்தியாசமில்லை. ஆனால் பின்னே எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்ற வேண்டும். கொழும்பு-காலி வீதியில் பஸ்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்க வேண்டிவரும். இடப்பக்கத்துக்கு மாற்றக்கூடிய தண்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. காதும் இடப்பக்கம் இருக்க வேண்டும், கைப்பிடி மேல்நோக்கி வர வேண்டும்.

ட்ரெயிலரைப் பூட்டி, வாகனத்தோடு ஒரே நேர்கோட்டில், சமதரையில் நிறுத்தியபின்:

1. பெரிய பந்தின் மையத்திலிருந்து, ட்ரெயிலரின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக, பின்னோக்கி 24 இஞ்சி (61 சென்ரிமீற்றர்) அளந்து முன்சட்டத்தின் பக்கவாட்டில் குறியிடுங்கள். ட்ரெயிலர் பக்கத்துச் சின்னப் பந்தின் மையம் அங்கே வரும். வாகனப் பக்கத்துச் சின்னப் பந்து, பெரிய பந்திலிருந்து பக்கவாட்டில் 5½ இஞ்சி (14 சென்ரிமீற்றர்). பொதுவான தண்டுகளுக்கு இவைதான் அளவு. உங்கள் தண்டின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.
2. சின்னப் பந்துத் தட்டை இன்னும் துளைக்காதீர்கள். ஜி கிளாம்பால் பிடித்து வைத்து, கைப்பிடியைத் தளர்த்திய தண்டை இரண்டு பந்திலும் மாட்டிப் பாருங்கள். தண்டு தரைக்கு ஏறக்குறையச் சமாந்தரமாக இருக்க வேண்டும். சரிந்திருந்தால், வீதி மேடுபள்ளத்தில் பந்துகள் முறுகும்.
3. ஒருவர் வெளியே நின்று பார்க்க, வெறும் வளவில் மெதுவாக முன்னோக்கி ஓட்டி, தண்டு உள்ள பக்கமாக நன்றாகத் திருப்புங்கள். பட்டை உள்ளே போகும். அதன் முனை காஸ் சிலிண்டர்த் தட்டு, முன் ஜாக்கி, வயர், பம்பர் எதிலும் முட்டாமல் ஓர் இஞ்சியாவது இடைவெளி வேண்டும். மறுபக்கம் திருப்பி, பட்டை கழன்று வெளியே வரவில்லை என்றும் பாருங்கள்.
4. சரியென்றால் தட்டிலுள்ள எல்லாத் துளைகளுக்கும் குறியிட்டு, கையேட்டில் சொன்ன பிட்டால் துளைத்து, கூட வந்த ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். துளை பெரிதானால் தானே மரை வெட்டும் ஸ்க்ரூ பிடிக்காது.
5. சின்னப் பந்துகளின் நட்டுகளுக்கு ஸ்பிரிங் வொஷர் போட்டு இறுக்குங்கள்.

கராஜில் இங்கே ஒரு வாக்குவாதம் வரும். வெல்டிங் பாஸ் தட்டைச் சட்டத்தோடு ஒட்டித் தருவதாகச் சொல்வார். நமது பட்டறைகளில் செய்யும் பல ட்ரெயிலர்களின் முன்சட்டம் மெல்லிய சி சனல், அதாவது சி எழுத்து வடிவ இரும்பு. ஸ்க்ரூ மட்டும் போட்டால் இழுவையில் துளை நீளும் என்ற அவருடைய பயம் நியாயமானது. ஆனால் மெல்லிய சனலின் குறுக்கே வெல்ட் போட்டால் அந்தக் கோட்டிலேயே வெடிப்பு விழும். இரண்டுக்கும் நடுவழி: சனலுக்குள்ளே 6 மில்லிமீற்றர் தகடு ஒன்றை வைத்து, தட்டு, சனல், தகடு மூன்றையும் ஊடுருவும் போல்ட். நட்டு நைலோன் பிடி உள்ளதாக இருக்கட்டும். போல்ட், வொஷர் வகைகளுக்குப் பழைய சோனகத் தெரு. பந்துத் தாங்கி, கிளிப் போன்றவற்றுக்குப் பஞ்சிகாவத்தை.

இறுக்கத்தைச் சரிசெய்தல்

கைப்பிடியை முழுதும் தளர்த்துங்கள். தண்டை மாட்டி, அது சின்னப் பந்துகளிலிருந்து கழலாமல் பிடிக்கும் இரண்டு கிளிப்பையும் போடுங்கள். இப்போது கைப்பிடியை வலஞ்சுழியாக, கையால் மட்டும், அது நிற்கும்வரை திருப்புங்கள். இதுதான் ‘போட்ட’ நிலை. புதிய தண்டின் போல்ட் தொழிற்சாலையிலேயே ஓர் அளவுக்கு வைத்திருக்கும். முதல் ஓட்டத்துக்கு அதைத் தொடாதீர்கள். போல்ட்டின் தலையிலும் பக்கத்து உடலிலும் குறுக்கே ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்து வையுங்கள். பின்னால் எவ்வளவு திருப்பினோம், அதிர்வில் தானாகத் திரும்பியதா என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்தால் தெரியும்.

தண்டில்லாமல் ஓடிய அதே வீதியில், அதே பாரத்தோடு, அதே வேகத்தில் ஓடுங்கள். பஸ் முந்தும்போது வந்த ஆட்டம் இப்போது ஒரு தள்ளலோடு அடங்கினால் வேலை முடிந்தது. இன்னும் வால் அலைந்தால், நிறுத்தி, கைப்பிடியைத் தளர்த்தி, போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பி, மறுபடி கைப்பிடியைப் போட்டு ஓடிப் பாருங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதன் பின் ஓர் ஓட்டம். ஒரேயடியாக ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் எந்த இடத்தில் சரியாக இருந்தது என்பதே தெரியாமல் போகும். புதிய உராய்வுத் துண்டுகள் பட்டையோடு பொருந்தச் சில பயணம் எடுக்கும் என்பதால், முதல் நாளில் கொஞ்சம் தளர்வாகத் தோன்றினாலும் அவசரப்பட வேண்டாம்.

கூடிவிட்டது என்பதை ஸ்டீயரிங் சொல்லும். வளைவு முடிந்து ஸ்டீயரிங்கை விட்டால் அது தானாக நடுவுக்கு வர வேண்டும். வராமல் பிடித்து நின்றாலோ, நேரான வீதியில் வாகனம் ஒரு பக்கம் சற்று இழுத்துக்கொண்டே போய், பிறகு ‘டக்’கென்று விட்டாலோ, போல்ட்டைக் கால் சுற்றுப் பின்னே எடுங்கள். சந்தியில் மெதுவாகத் திரும்பும்போது தண்டு முனகுவது, கிறீச்சிடுவது இயல்பு. வெள்ளவத்தைச் சந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அந்தச் சத்தத்தைப் போக்க எண்ணெய் விட்டால் தண்டு அன்றோடு சரி.

இன்னொன்று: ‘போட்ட’ நிலையில் கைப்பிடி இறுகவே இல்லை, சும்மா சுற்றுகிறது என்றால் உராய்வுத் துண்டு தேய்ந்திருக்கிறது. போல்ட் இருப்பது முக்கியமாக இந்தத் தேய்மானத்தை ஈடுகட்டத்தான். போல்ட்டைத் திருப்பியும் பிடி வராமல், பட்டையில் பளபளவென்று நீளக் கீறல்கள் தெரிந்தால், இரும்போடு இரும்பு உரசுகிறது. மாற்ற வேண்டிய கட்டம்.

எப்போது தளர்த்துவது, எப்போது கழற்றுவது

மழை, சேறு, சரளை: கைப்பிடியை இடஞ்சுழியாக முழுதும் தளர்த்துங்கள். காரணம் எளிது. தண்டு வாகனத்துக்கும் ட்ரெயிலருக்கும் நடுவிலுள்ள கீலை இறுக்குகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்டயர்கள் அந்த இறுக்கத்தையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். காய்ந்த வீதியில் டயருக்கு அந்தப் பலம் இருக்கிறது. நனைந்த காபட் வீதியில் இல்லாமல் போகலாம். அப்போது ஸ்டீயரிங் திரும்பியிருக்கும், வாகனம் நேரே போகும். மழைத்தூறல் விழுந்தவுடன் பக்கத்துப் பெற்றோல் ஷெட்டில் ஒதுங்கித் தளர்த்திவிட்டு, வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். தண்டில்லாமல் 60 வரை ஓடிப் பார்த்தது இந்த நேரத்துக்காகத்தான்.

பின்னே எடுப்பது: தளர்த்தினால் போதாது, கழற்ற வேண்டும். பின்னே எடுக்கும்போது ட்ரெயிலர் முன்னோட்டத்தில் ஒருபோதும் மடியாத கோணத்துக்கு மடியும். பட்டை உள்ளே போய் முட்டி வளையும், அல்லது சின்னப் பந்தின் தட்டைப் பிய்க்கும். கொழும்பு ஒழுங்கைகளில் ட்ரெயிலரை வீட்டு வளவுக்குள் நேரே கொண்டுபோய் விடக்கூடியவர் அதிர்ஷ்டசாலி. மற்றவர்கள் ஒழுங்கையின் வாயிலேயே நிறுத்தி, கைப்பிடியைத் தளர்த்தி, கிளிப் இரண்டையும் எடுத்து, தண்டைத் தூக்கிவிட வேண்டும். அரை நிமிட வேலை. பந்திலிருந்து வர மறுத்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். வாகனம் சற்றுத் திரும்பி நிற்கிறது. ஒரு அடி முன்னே எடுத்து நேராக்கினால் கையோடு வரும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் தண்டின் உடல் சூடாக இருக்கும், கையுறையோ துணியோ வேண்டும்.

மலைப் பாதை: கடுகண்ணாவை ஏற்றத்தில் தண்டு இருக்கலாம், காய்ந்திருந்தால். கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியா போவதென்றால் கம்பளையிலேயே கழற்றி வைப்பது புத்தி. அந்தக் கொண்டையூசி வளைவுகளில் போகும் வேகத்துக்கு வாலாட்டம் வராது. தண்டு இருந்தால் முட்டுவதற்கு மட்டுமே வாய்ப்பு.

தண்டு நிஜமாக உழைக்கும் இடங்கள் வெட்டவெளிகள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கற்பிட்டிப் பக்கமும், மன்னார் தீவுக்குப் போகும் பாலத்து வீதியும், ஏ9 இல் ஆனையிறவும் பக்கக் காற்றுக்குப் பேர்போனவை. கரவனின் உயரமான பக்கச்சுவர் பாய்மரம் மாதிரி. இந்த இடங்களுக்கு முன் நிறுத்தி, கிளிப், கைப்பிடி, பெயின்ட் கோடு மூன்றையும் பார்த்துவிட்டு 50 க்கு இறங்கிப் போங்கள்.

ஆட்டம் தொடங்கிவிட்டால்

ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வைத்திருங்கள். ட்ரெயிலர் ஆடும் பக்கத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பி ஈடுகட்டப் பார்த்தால், உங்கள் கை எப்போதும் அரை ஆட்டம் பிந்தும். அதுவே ஆட்டத்தை வளர்க்கும். அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வாகனத்தின் பிரேக்கை அழுத்தாதீர்கள்; முன்னே வாகனம் நிற்க, பின்னே ட்ரெயிலர் தள்ளும், நடுவில் மடியும். மின் பிரேக்குக்குத் தனிக் கைநெம்பு இருந்தால் அதை மட்டும் இலேசாகப் பிடியுங்கள். ட்ரெயிலர் பின்னாலிருந்து இழுத்துத் தன்னைத்தானே நேராக்கும். வேகம் குறைந்து அடங்கியபின் ஓரமாக நிறுத்தி, டயர், கப்ளர் பூட்டு, சாமான் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அலுமாரிக்குள் இருந்த தண்ணீர்ப் போத்தல் பெட்டி பின்பக்கம் உருண்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

கடல் காற்றும் பராமரிப்பும்

கொழும்பில் தண்டைப் பழுதாக்குவது ஓட்டத்தைவிட உப்புக் காற்று. ட்ரெயிலரிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பட்டையில் துரு ஏறும். துருவேறிய பட்டை முதலில் கரடுமுரடாகப் பிடிக்கும், பிறகு துரு பொடியாகி உராய்வுத் துண்டுகளைத் தேய்க்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்து, வீட்டுக்குள் வையுங்கள். இலேசான துருவைக் கம்பிப் பிரஷால் தேய்க்கலாம். எண்ணெய், கிறீஸ், துரு நீக்கும் ஸ்ப்ரே, பெயின்ட் எதுவும் பட்டையில் படக் கூடாது. பெரிய பந்துக்குப் போடும் கிறீஸ் விரலில் ஒட்டி, அதே விரலால் பட்டையைப் பிடித்துப் பழுதாக்குவதுதான் பெரும்பாலும் நடப்பது. கிறீஸ் வேலையைக் கடைசியில் வையுங்கள்.

பழைய தண்டு வாங்குகிறவர்கள் கடையிலேயே மூன்று காரியம் செய்யலாம். பட்டையை வெளியே இழுத்து, நேரான இரும்பு ரூலரை அதன் நீளத்துக்கு வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் யாரோ கழற்றாமல் பின்னே எடுத்திருக்கிறார்கள். கைப்பிடியைப் போட்டு, பட்டையைக் கையால் இழுங்கள். அசைந்து, போல்ட்டைத் திருப்பியும் நிற்காவிட்டால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. பட்டைக்குப் புதுப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருந்தால், விலை கேட்காமலே வந்துவிடுங்கள்.